மாதிரி வீட்டு உரிமையாளர்

ஒருவர் வீடு வாங்கிய செய்தி அவருடைய சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, முன்பின் தெரியாத பல நல்ல உள்ளங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் வருவார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், "தண்ணி கொஞ்சம் கம்மியா வருதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். முன்பின் தெரியாதவர்கள் அப்படியெல்லாம் மனசு நோகும்படி பேச மாட்டார்கள். கடிதம் போடுவார்கள். "மாண்புமிகு வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பிப்பார்கள்.

பூட்டுக்காரருக்கு இந்த மரியாதை புதிது. கடைத்தெரு முனையில் பூட்டு ரிப்பேர் பார்த்து, தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பவர் அவர். அடுத்தவர் வீட்டுக் கதவுகளைப் பத்திரப்படுத்தியே தலை நரைத்துப்போனது. அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்தாள். அத்தனை வருஷமும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொன்ன அந்தப் பச்சைப் பொய் ஒருவழியாக உண்மையாயிற்று.

வாங்கினது பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு கொல்லை. கொல்லையில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம், கையில் வாளி இல்லாமல் இருந்தால். ஒரு மருந்துக்கடைக்காரரிடமிருந்து வாங்கினார்கள். பத்திரப் பதிவு முடிந்த அன்றைக்கே பூட்டுக்காரர் வாசல் கதவுக்கு நான்கு பூட்டுப் போட்டார். தபால் போடுவதற்கென்று கதவில் ஒரு பித்தளை மூடி போட்ட துவாரமும் வைத்தார்.

"இனிமே ஒரு திருடன் உள்ள வர முடியாது" என்றார் பெருமையாக.

"நாமளே உள்ள வர்றதுக்கு நாலு சாவி போடணும். மழை பெஞ்சா நனைஞ்சுகிட்டே திறங்க" என்றாள் மனைவி.

திருடன் கதவு வழியாக வரவில்லை என்பது வாஸ்தவம்தான். துவாரம் வழியாக வந்தான். மூன்றாம் நாளே வந்தான்.

முதல் கடிதம் நல்ல கனமான தாளில் இருந்தது. உச்சியில் ஒரு முத்திரை. அதில் ஒரு கழுகு, ஒரு தராசு, ஒரு சாவி, போதாததற்குக் கீழே இரண்டு சிங்கம். அனுப்பியவர்: சொத்துரிமை ஆவணப் பாதுகாப்பு மையம். "தங்கள் சொத்தின் சான்றளிக்கப்பட்ட பத்திர நகல் தங்கள் வசம் இல்லாத பட்சத்தில் ஏற்படக்கூடிய விளைவுகளுக்கு மையம் பொறுப்பேற்க இயலாது என்பதை மையம் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது." அந்த நகலை அனுப்பிவைக்கக் கட்டணம், பூட்டுக்காரரின் ஒரு வார வருமானம். பணத்தைப் பதில் உறையிலேயே வைத்து அனுப்பலாம், தபால்தலை மையத்தின் செலவு.

"என்ன விளைவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"அதைப் போடலையே. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த நாள் கூரை மற்றும் மேற்பரப்பு ஒழுங்குமுறை வாரியம் எழுதியது. "தங்கள் பத்திரத்தில் 'வீடு' என்று மட்டுமே காணப்படுகிறது. கூரை தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்." பூட்டுக்காரர் தம்முடைய மேலான கவனத்தை மேலே செலுத்தினார். கூரை இருந்தது. ஆனால் யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் தெரியும் என்பான், கேட்காவிட்டாலும் சொல்லுவான். கடிதங்களைத் தடவிப் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"கட்டிடுங்க மாமா. கவர்மென்ட்டு சமாச்சாரம். நாளைக்கே ஆளை அனுப்பிக் கூரையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"நீ சும்மா இருடா" என்றாள் அக்காள். "என்னங்க, காசு என்ன மரத்துலயா காய்க்குது? பதிவு ஆபீஸ்லயே நேரா போய்க் கேட்டுட்டு வாங்க."

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. எட்ட இருந்தே பார்த்துவிட்டு, "இது எங்க கடிதம் இல்ல" என்றார்.

"வாங்கிப் பார்க்காமலே எப்படி சார் சொல்றீங்க?"

"அச்சு நேரா விழுந்திருக்கே. உங்க பேரு சரியா இருக்கு, விலாசம் சரியா இருக்கு. கீழ போன் நம்பர் போட்டிருக்கான். அந்த நம்பருக்குப் பேசிப் பார்த்தீங்களா?"

"பேசினேன் சார். முதல் மணியிலேயே எடுத்தாங்க. 'வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாங்க."

எழுத்தர் இரண்டு கையையும் விரித்தார். "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? நாங்க என்னிக்காவது போன் எடுத்திருக்கோமா?"

பூட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின கையோடு இன்னொரு சந்தேகம் ஏறியது. "நான் வீடு வாங்கினது அவங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"நாங்கதான் குடுத்தோம்."

"நீங்களா!"

"பதிவேடு பொது ஆவணம். யார் கேட்டாலும் குடுக்கணும். வாராவாரம் வருவாங்க, புதுசா வீடு வாங்கினவங்க பட்டியலை வாங்கிட்டுப் போவாங்க. ரொம்ப நல்ல மாதிரி. வரிசையில நிப்பாங்க, சத்தம் போட மாட்டாங்க. உங்களை மாதிரி கேள்வி கேக்க மாட்டாங்க."

இந்த இடத்தில் கண்ணாடி அறைக்குள்ளிருந்து அலுவலகத்தின் தலைமை அதிகாரி வெளியே வந்தார். அவருக்குக் கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லை. எதிர்க் கட்டடத்துத் துறை 'படிக்கட்டில் தவறி விழுதல் விழிப்புணர்வு வாரம்' நடத்தி, புது நாற்காலிகளும் ஒரு பெரிய மேஜையும் வாங்கிவிட்டது. இப்போதெல்லாம் விழிப்புணர்வு இல்லாத துறையை யாரும் ஒரு துறையாகவே மதிப்பதில்லை. அதிகாரியும் எதைப் பற்றி ஜனங்களை விழிக்கவைக்கலாம் என்று தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரரின் கையிலிருந்த கடிதங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! நீங்க ஏமாந்துட்டீங்களா?" என்றார் ஆசையாக.

"இன்னும் இல்ல சார்."

"பரவாயில்ல. இதுவே போதும்."

அப்படித்தான் 'புதிய வீட்டு உரிமையாளர் அஞ்சல்வழி மோசடித் தடுப்பு மற்றும் விழிப்புணர்வுச் சிறப்புப் பிரிவு' தோன்றியது. பட்டியலை வெளியே கொடுப்பதை நிறுத்தினால் போதாதா என்று ஒரு கடைநிலை ஊழியர் கேட்டாராம். பட்டியலை நிறுத்தினால் மோசடி நின்றுவிடும், மோசடி நின்றுவிட்டால் பிரிவு எதற்கு என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். ஊழியருக்கு அன்றோடு விழிப்புணர்வு வந்துவிட்டது.

பிரிவின் முதல் சுற்றறிக்கை அத்தனை புதிய வீட்டுக்காரர்களுக்கும் போயிற்று. பழுப்பு உறை, பசை வெளியே வழிந்திருந்தது. பூட்டுக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெருவின் பெயரும், தெரு இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய வயதும் இருந்தன. உள்ளே: "இவ்வலுவலகத்தின் பெயரால் தங்களுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் எக்காரணம் கொண்டும் நம்ப வேண்டாம். பிரிக்காமலே கிழித்தெறியவும். இங்ஙனம், இவ்வலுவலகம்."

பூட்டுக்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"ஆபீஸ் கடிதத்தை நம்ப வேண்டாம்னு போட்டிருக்கு."

"யார் போட்டது?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்தான்."

"அப்ப இதை நம்பறீங்களா?"

"நம்பினா, இதையும் நம்பக் கூடாது. நம்பலேன்னா, மத்ததையெல்லாம் நம்பணும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பூட்டுக்குள்ள சாவியை வச்சுப் பூட்டின மாதிரி இல்ல இருக்கு!"

"ஒண்ணும் யோசிக்காதீங்க. கிழிங்கன்னு சொன்னாங்கல்ல, கிழிங்க. காசா பணமா?"

அன்றிலிருந்து பூட்டுக்காரர் கிழிக்க ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, கிழிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. சுவர் உரிமைச் சான்றிதழ் கழகம், நிலைவாசல் பதிவு மன்றம், நிலத்தடிக் காற்று ஆணையம் என்று வந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. தெருவில் இதுவே ஒரு நாகரிகமாகவும் ஆகிவிட்டது. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்தால் "உங்களுக்கு இன்னிக்கு எத்தனை?" என்பதுதான் பேச்சு. மூலை வீட்டுக்காரருக்குத் தங்க முலாம் போட்ட ஓரத்தோடு ஒரு கடிதம் வந்தது. அவர் அதைக் கிழிக்க மனசு வராமல் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் வராது. அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார்கள். மச்சினனுக்குப் பொறாமை தாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடுங்க மாமா, நான் வீட்ல போய்க் கிழிச்சுக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இப்படி இருக்கையில் அலுவலகத்திலிருந்து ஓர் உதவியாளர் நேரிலேயே வந்துவிட்டார். நான்கு பூட்டும் திறக்கும்வரை வாசலில் பொறுமையாக நின்றார்.

"விழிப்புணர்வு வாரம் நடத்துறோம். 'மாதிரி வீட்டு உரிமையாளர்'னு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். கடிதம் மேல கடிதம் போட்டோமே, பார்க்கலையா?"

பூட்டுக்காரர் கூச்சத்தோடு, "எல்லாத்தையும் கிழிச்சுட்டேன் சார்" என்றார்.

"அதான் தேர்ந்தெடுத்தோம்" என்றார் உதவியாளர்.

விழா அலுவலக முற்றத்தில் நடந்தது. எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி, மார்பில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. "முத்திரை கண்டு மயங்க மாட்டேன், முகவரி கண்டு மகிழ மாட்டேன்" என்று கூட்டம் உறுதிமொழி எடுத்துக்கொண்டது. அதிகாரி பேசினார். விழிப்பு என்றால் என்ன என்று பேசிய அந்தப் பேச்சில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு மாதிரி வீட்டு உரிமையாளர் ஒரு மோசடிக் கடிதத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் கிழித்துக் காட்டுவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

பூட்டுக்காரர் அன்று காலையில் துவாரம் வழியாக விழுந்த உறையைப் பையில் கொண்டுவந்திருந்தார். பழுப்பு உறை, பசை வழிந்தது, விலாசம் கோணல். அதைத் தூக்கிக் காட்டி, "மோசடிக்காரங்க வரவரத் தரத்தைக் குறைச்சுட்டாங்க. இதைப் பார்த்தா யாராவது ஏமாறுவாங்களா?" என்றார். ஒரே கைதட்டல். இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார். "இன்னும் பொடியா, இன்னும் பொடியா!" என்று உற்சாகப்படுத்தினார் அதிகாரி. அப்புறம் ஆசை அடங்காமல் தாமும் ஒரு துண்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். புகைப்படம் எடுத்தார்கள். பூட்டுக்காரரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை நாளில், வீட்டை விற்ற மருந்துக்கடைக்காரர் பழக்கூடையோடு வந்தார். கூடவே அவருடைய மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக அறைகளைக் காலடி வைத்து அளக்க ஆரம்பித்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் நிஜமாகவே நல்ல மனுஷர். "ஒரு விசாரிப்புக்காகப் பதிவு ஆபீஸுக்குப் போயிருந்தேன். இந்த வீடு திரும்ப என் பேருக்கே வந்துடுச்சுன்னு சொல்றாங்க."

"என்ன சொல்றீங்க? பணம் முழுசா வாங்கிக்கிட்டீங்களே!"

"வாங்கிட்டேன், இல்லேங்கலை. எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னா, கவர்மென்ட்டே கூப்பிட்டுக் குடுக்கறப்ப வேண்டாங்கறது மரியாதை இல்லையாம்."

மாப்பிள்ளை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஜன்னலுக்கு ஏங்க பச்சை அடிச்சீங்க? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சரி விடுங்க, இப்போதைக்கு நீங்களே இருங்க. வாடகையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

வாடகை! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பூட்டுக்காரரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது, அவள் கழுத்தில் கிடந்தது, அவர் கடையில் கிடந்தது எல்லாம் சேர்ந்துதான் இந்த வீடு. பழக்கூடையைத் தொடக்கூட இல்லை. ஓவென்று அழுதுவிட்டாள். பூட்டுக்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார், ஆனால் அன்று விடுமுறை. மறுநாள் அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றார்.

எழுத்தர் கோப்பைப் பிரித்தார். "உரிமை உறுதிப்பாட்டு அறிவிப்பு. வீடு வாங்கினவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும். அனுப்பலேன்னா அவருக்கு வீட்டுல விருப்பம் இல்லேன்னு அர்த்தம், விற்றவர் பேருக்கே போயிடும். விழிப்புணர்வு விழாவன்னிக்குக் காலையில உங்களுக்குக் கிடைச்சிருக்கு. பதில் வரல."

பூட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். சுவரில் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதிகாரியின் கையிலிருந்த துண்டில் 'உறுதிப்பாட்டு' என்ற சொல்லும், அதன் கீழே அதிகாரியின் கையெழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

"சார்... நீங்கதானே கிழிக்கச் சொன்னீங்க?"

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார், படத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "கடிதத்துல சொன்னதை அப்படியே நம்பலாமா? நம்பக் கூடாதுன்னுதானே பிரிவே வச்சிருக்கோம்."

"சார், உங்க கால்ல வேணா விழறேன். வேற வீடு வாசல் கிடையாது. அந்த அறிவிப்பை இப்பவே குடுங்க, இங்கயே கையெழுத்துப் போட்டுடறேன்."

"கையில குடுத்தா அது அறிவிப்பு ஆகாது. தபால்ல வரணும். இரண்டாவது அறிவிப்பு அனுப்புவோம். அதுதான் கடைசி. அதுக்கும் பதில் வரலேன்னா கடவுளே வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

"எப்படி சார் கண்டுபிடிக்கறது? ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுங்க. முத்திரை எப்படி இருக்கும்?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அடையாளத்தை வெளிய சொன்னா மோசடிக்காரன் காப்பி அடிச்சுடுவான். அது பரம ரகசியம். எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் கிழிக்கவில்லை. பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டுத் துவாரத்துக்கு நேரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். விழுகிற கடிதத்தையெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் இல்லை ஒருநாள் முடிவெடுத்தே ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தபோது, கணவனும் மனைவியும் கடிதங்களைக் கூடத்தில் பரப்பிவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்கள்.

"இது உண்மையா இருக்குமோ? 'தேசிய வாசற்படி ஆணையம்'" என்றாள் மனைவி.

"தாள் நல்லா இருக்கே, பொய்யாத்தான் இருக்கும்."

"அப்ப இது? விலாசம் தப்பு, பசை ஒழுகுது, கீழ்ப்பாதி அச்சே இல்ல."

"அதைத்தான் நானும் பார்க்கறேன். ஆனா நம்ம ஆளுங்க அழகான கடிதத்தைக் கிழிக்கறதை மோசடிக்காரங்க பார்த்துட்டு, வேணும்னே அசிங்கமா அச்சடிச்சிருந்தா?"

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்னங்க, எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுங்க. காசு கேக்கறவனுக்குக் காசு வைங்க. ஊரார் எல்லாருக்கும் அழுதுட்டாவது வீட்டுல இருந்துடுவோம். எது நிஜம்னு தெரியாதப்ப எல்லாத்தையும் நம்பிடறதுதான் நல்லது."

இருந்த கையிருப்பையெல்லாம் எடுத்து, கூரைக்கு, சுவருக்கு, நிலைவாசலுக்கு, நிலத்தடிக் காற்றுக்கு என்று பிரித்து வைத்தார்கள். போதவில்லை. கடைக்கு வாங்கிவைத்திருந்த புதுப் பூட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வந்து மிச்சத்தையும் வைத்தார்கள். பூட்டுக்காரர் கையெழுத்துப் போட, அவள் உறையில் வைத்து ஒட்ட, மச்சினன் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தான். பயத்தில் எந்தத் தாள் எந்த உறைக்குப் போயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா? சொத்துரிமை ஆவணப் பாதுகாப்பு மையத்துலருந்து பேசறேன். எங்க உறைக்குள்ள பதிவு ஆபீஸோட இரண்டாவது அறிவிப்பை வச்சு அனுப்பிட்டீங்க."

பூட்டுக்காரர் அலறிவிட்டார். "ஐயோ! அந்த அறிவிப்பு... கடைசித் தேதி..."

"நாளைக்குத்தாங்க கடைசி. நாங்க பார்த்தோம், பதறிப்போயிட்டோம். நேத்திக்கே ஆளை அனுப்பி, வரிசையில நிக்கவச்சு, ஆபீஸ்லயே சேர்த்து, வரவு முத்திரையும் வாங்கிட்டோம். வீடு உங்களுதுதான், நிம்மதியா இருங்க."

பூட்டுக்காரர் போனைப் பிடித்தபடி விம்மினார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நான் உங்களை என்னென்னவோ நினைச்சேனே! எதுக்குப்பா இவ்வளவு பண்ணினீங்க?"

"என்ன ஐயா இப்படிக் கேக்கறீங்க?" அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க வீட்டுக்காரரா இருந்தாத்தானே நாங்க கடிதம் போட முடியும்? வாடகைக்குப் போயிட்டீங்கன்னா எங்க பொழப்பு என்ன ஆகறது? உங்களை மாதிரி ஆளுங்களைப் பாதுகாக்கறதுதான் எங்க தொழிலே."

வீடு பிழைத்தது. மருந்துக்கடைக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார், அவருடைய மாப்பிள்ளை பழக்கூடையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மனைவி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள், அப்புறம் ஒரு பாட்டம் சிரித்தாள்.

ஆனால் மையத்துக்கு என்று எண்ணி வைத்த பணம் இருக்கிறதே, அது அலுவலகத்தின் உறைக்குள் போய்விட்டது. அதைக் கேட்கப் பூட்டுக்காரர் போனார். போனபோது அதிகாரி புது நாற்காலியில் இருந்தார்.

"பணத்தைத் திருப்பித் தர எங்ககிட்ட விதி இல்லையே" என்றார் அவர். "வாங்கிக்கத்தான் விதி இருக்கு. கேக்காமலே ஒருத்தர் அனுப்பியிருக்காரேன்னு எங்களுக்கே ஆச்சரியம். மேலிடத்துக்கு எழுதினோம். ஜனங்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கறது தெரியாம இத்தனை காலம் சும்மா இருந்துட்டோமேன்னு மேலிடம் ரொம்ப வருத்தப்பட்டாங்க."

மேலிடம் வருத்தப்பட்டால் சும்மா இருக்குமா? அடுத்த மாதமே சொந்தமாக ஒரு கதவும் கூரையும் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு பழுப்பு உறை வந்தது. 'தன்னார்வ உரிமை உறுதிப்பாட்டுப் பங்களிப்பு' என்று ஆண்டுதோறும் ஒரு தொகை. தன்னார்வமாகச் செலுத்தத் தவறுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். தொகை, பூட்டுக்காரரின் ஒரு வார வருமானம். பணத்தைப் பதில் உறையிலேயே வைத்து அனுப்பலாம். தபால்தலை மட்டும் நம் செலவு.

தெரு அல்லோலகல்லோலப்பட்டது. நிஜமா பொய்யா, கட்டுவதா கிழிப்பதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் மாதிரி வீட்டு உரிமையாளர் வாசலில் வந்து நின்றார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டுக்காரர் யோசித்தார். நம்பிக் கேட்கிற மாதிரி உலகத்தில் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த எண்ணைச் சுழற்றினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தம்பி, பங்களிப்புன்னு ஒரு கடிதம் வந்திருக்கு. இது நீங்க போட்டதா, அவங்க போட்டதா?"

இந்தத் தடவை 'சாப்பிட்டீங்களா' என்று யாரும் கேட்கவில்லை.

"எங்க ஆபீஸ் கட்டடத்துக்கும் வந்துச்சுங்க ஐயா" என்றது அந்தக் குரல், ஈனஸ்வரத்தில். "பயந்துபோய் அன்னிக்கே கட்டிட்டோம்."